முதல் புழுவாக எதைக் கட்டலாம்: வால்ட்ஸ் வார்மா, செக் நிம்ஃபா, ஸீப்ரா மிட்ஜா?

மூன்றும் டிரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் கையால் கட்டும் போலிப் புழுக்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ப்பக்கம் ஸ்பிரிங் கிரீக் என்று ஓர் ஓடை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் தண்ணீர் வருடம் முழுக்க ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸில் கலப்பதால் ஜனவரியிலும் அது உறைந்து போவதில்லை. அதில் பழுப்பு டிரவுட் மீன்கள் தாமாகவே இனம்பெருக்கி வாழ்கின்றன. ரசாயன மாசு காரணமாக 1982-இல் வந்த விதிப்படி இங்கே பிடிக்கும் டிரவுட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, விட்டுவிட வேண்டும். அதனாலேயே மீன்களும் நிறைய, ஏற்கனவே பிடிபட்டுப் பாடம் படித்த மீன்களும் நிறைய.

போன மாதம் ஈரோட்டுக்காரத் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, வைஸ் வாங்கிட்டேன், நூல் வாங்கிட்டேன், முயல் முடிகூட வாங்கிட்டேன். இப்ப எந்தப் புழுவைக் கட்டறதுன்னு தெரியல. ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொண்ணச் சொல்லுது" என்றார். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண்டில் முள்ளில் நூல், முடி, கம்பி ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்வதைத்தான் ஃப்ளை கட்டுவது என்கிறோம். கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவிதான் வைஸ். பேர்தான் ஃப்ளை, எல்லாம் இறக்கை வைத்த ஈ அல்ல. டிரவுட் தன் தீனியில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் எடுக்கிறது. இறக்கை முளைத்த பூச்சி சில நாட்களோ சில வாரங்களோதான் இருக்கும். அதன் புழுப்பருவம் மாதக்கணக்கில் கல்லுக்கடியில் கிடக்கும். ஆகவே கட்டக் கற்பவர் புழுவிலிருந்து தொடங்குவதுதான் சரி. எந்தப் புழு என்பதில்தான் குழப்பம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் ஓடையிலேயே இருக்கிறது. முழங்கால் ஆழத்தில் நின்று, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். எங்கள் ஓடையில் புரட்டினால் பெரும்பாலும் கல்லில் மண் ஒட்டிய மெல்லிய வலை ஒன்று தெரியும். அதன் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளமாக, பாசிப்பச்சையும் பழுப்பும் கலந்த புழு ஒன்று நெளியும். தலைக்குப் பின்னால் மூன்று கரும்பழுப்புத் தகடுகள், ஆறு கால்கள், வயிற்றுக்கடியில் பஞ்சு மாதிரி செவுள் கொத்துகள். இதுதான் வலை கட்டும் கேடிஸ் என்னும் பூச்சியின் புழு. இன்னொரு கேடிஸ் உண்டு. அது வலையும் கட்டாது, கூடும் கட்டாது, வேட்டையாடித் திரியும். இளம் வாழையிலை போன்ற பளிச்சென்ற பச்சை, கணுக்கணுவாக மடிந்த உடம்பு. மணல் சேர்ந்த இடத்தைக் கிளறினால் காலே இல்லாத, சாம்பல் நிறத்தில் விரல் நுனி போலத் தடித்த புழு வரும். அது கிரேன் ஃப்ளை என்னும் நெட்டைக்கால் பூச்சியின் குழந்தை. சேற்றிலும் பாசியிலும் நூல் துண்டு போலத் துடிப்பவை மிட்ஜ் என்னும் கொசு போன்ற சிறு பூச்சியின் புழுக்கள். நம் ஊர் தண்ணீர்த் தொட்டியின் அடியில் சிவப்பாக நெளியுமே, அந்தக் குடும்பம்தான். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதிலும் இருப்பதால் அந்தச் சிவப்பு. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாக வாங்கும் ரத்தப்புழுவும் அதுவே.

இரண்டாவது, கட்டியது அடிக்குப் போகிறதா என்பது. புழு அடியில் உருண்டு வரும் பொருள். இடுப்பளவு வேகத் தண்ணீரில் இறங்காத புழு எவ்வளவு அழகாக இருந்தாலும் மீனின் தலைக்கு மேலேயே போய்விடும்.

மூன்றாவது, உங்கள் கையும் நேரமும். எத்தனை படிகள், எத்தனை பொருட்கள், எந்த இடத்தில் தவறு நடக்கும்.

நான்காவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. தொலைந்தால் மனம் எப்படி இருக்கும்? அடியில் உருட்டினால் கல்லிடுக்கிலும் மரவேரிலும் மாட்டத்தான் செய்யும். ஒரு மாலையில் நாலைந்து போய்விடும். ஸ்பிரிங் கிரீக்கிலேயே ஃபிஷர்மன்ஸ் பாரடைஸ் என்ற பகுதியில் தண்ணீரில் இறங்கவே கூடாது. அங்கே நடு ஓடையில் மாட்டினால் இழுத்து அறுப்பதைத் தவிர வழியில்லை. நான் முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஆறு செக் நிம்ஃப் கட்டினேன். முதுகுப் பட்டை, கம்பி, கால் எல்லாம் வைத்து, பார்க்கவே அருமையாக இருந்தன. ஓடையில் நின்றபோது கை தானாகக் கோலைத் தூக்கிக்கொண்டே இருந்தது. ஒன்றும் தொலையவில்லை. ஒரு மீனும் வரவில்லை. இரண்டு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் பத்து நிமிடத்தில் கட்டிய வெறும் முயல்முடிப் புழு ஒன்றும் பெட்டியில் இருந்தது. போனால் போகட்டும் என்று அதை அடியில் உரச விட்டேன். கல்லில் தட்டித் தட்டி வருவது விரலில் தெரிந்தது. அப்புறம் லைன் சட்டென்று நின்றது, கல் என்று நினைத்துத் தூக்கினேன், கல் ஓட ஆரம்பித்தது. முன்கை நீளப் பழுப்பு டிரவுட். அன்றிலிருந்து எந்த ஃப்ளையைப் பற்றிக் கேட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: இதைத் தொலைக்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா?

பணம் கடைசி. கடையில் ஒரு நிம்ஃப் (இப்படிக் கட்டிய புழு) இரண்டு, மூன்று டாலர். கட்டினால் பொருள் செலவு அதைவிடக் குறைவு. ஆனால் வைஸ், கத்தரி, பாபின் (நூல்கண்டு தாங்கி) வாங்கிய காசு சில டஜன் கட்டிய பிறகுதான் திரும்பும். வருடத்துக்கு நாலு முறைதான் ஓடைக்குப் போவீர்கள் என்றால் கடையில் ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

## வால்ட்ஸ் வார்ம்

இது எங்கள் மண்ணின் சரக்கு. மத்தியப் பென்சில்வேனியாக்காரர் வால்ட் யங் எண்பதுகளில் உருவாக்கியது. கிரேன் ஃப்ளை புழுவை மனதில் வைத்துக் கட்டினார். முள், கனத்துக்குக் கம்பி, முயலின் முகத்து முடி, நூல் அவ்வளவுதான். வால் இல்லை, கால் இல்லை, தலையில் கனத்துக்கு வைக்கும் உலோக மணிகூட இல்லை.

12 அல்லது 14 எண் முள்ளை வைஸில் பூட்டுங்கள். முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறியது என்பதை நினைவில் வையுங்கள். முனைக்கு அருகே பின்நோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் முதலிலேயே நசுக்கிவிடுங்கள். விடப்போகிற மீனுக்கு அது நல்லது, உங்கள் விரலில் ஏறினாலும் நல்லது. ஈயம் கலக்காத கம்பியைத் தண்டின் நடுவில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, இரு முனையிலும் நூலால் சிறு மேடு கட்டி அது நகராமல் அடையுங்கள்.

இனிமேல்தான் விஷயம். நூலில் மெழுகு தேய்த்து, முடியை அதன்மேல் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே திசையில் உருட்ட வேண்டும். வீட்டில் அம்மாவோ பாட்டியோ விளக்குத் திரி திரித்ததைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சைக் கொஞ்சமாகப் பிய்த்து, இழுத்து, உருட்டி, இறுக்கம் சமமாக வரும்வரை விரல் ஓயாது. அதே வேலைதான். முன்னும் பின்னும் உருட்டினால் போட்ட முறுக்கு அவிழ்ந்துவிடும். முடியை அள்ளி வைத்தால் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நிற்கும். உங்களுக்குப் போதும் என்று தோன்றுவதில் பாதி எடுங்கள். அதையும் பாதியாக்குங்கள். வால் பக்கம் ஒல்லியாகத் தொடங்கி, தலைப்பக்கம் வரவரப் பருத்து, முள்ளின் காதுக்கு (லைன் கோக்கும் துளைக்கு) முன்னால் இடம் விட்டு நிறுத்துங்கள். முடிச்சுப் போட்டு முடித்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகக் கிளறுங்கள். கிளம்பி நிற்கும் முடிகள் தண்ணீரில் அசையும். கால், செவுள், உயிர் எல்லாம் அந்த அசைவில்தான் இருக்கிறது.

பழகிய கைக்கு ஐந்து நிமிடம். தொடக்கத்தில் பத்து, பன்னிரண்டு. பொருள் செலவு கால் டாலருக்குள். கிரேன் ஃப்ளை புழுவுக்கும் ஆகும், கேடிஸுக்கும் ஆகும், கூனிறால் போன்ற ஓடை உயிர்களுக்கும் ஆகும். எதையும் துல்லியமாகப் போலச் செய்யாததே இதன் பலம்.

மறைந்த செலவு ஒன்று உண்டு. கம்பி மட்டும் உள்ளது வேகத் தண்ணீரில் மெதுவாகவே இறங்கும். அதனால் பலர் தலையில் டங்ஸ்டன் மணி வைக்கிறார்கள். டங்ஸ்டன் ஒரு கன சென்டிமீட்டர் 19 கிராமுக்கு மேல், பித்தளை எட்டரை கிராம் அளவுதான். ஆகவே மணி சிறியதாக இருந்தாலும் சட்டென்று இறங்கும். முனை மேல்நோக்கி வருகிற ஜிக் முள்ளோடு சேர்த்தால் கல்லில் மாட்டுவதும் குறையும். ஆனால் ஜிக் முள்ளுக்குப் பிளவு போட்ட மணி வேண்டும், இரண்டும் சேர்ந்து ஒரு புழுவின் விலை அரை டாலரைத் தாண்டிவிடும். மாட்டுவது குறைகிறது, மாட்டினால் வலி கூடுகிறது. முதல் டஜனைக் கம்பியிலேயே கட்டுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

## செக் நிம்ஃப்

வளைந்த முள்ளில் கட்டும் கேடிஸ் புழு. எண்பதுகளில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா போட்டியாளர்கள் குட்டை லைனில், தங்கள் காலுக்கு முன்னாலேயே, கனமான புழுக்களை அடியில் உருட்டி மீன் பிடித்த முறையோடு சேர்ந்து வந்தது. உண்மைப் புழுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களே தடுமாறுவீர்கள்.

வேலை கூடுதல். கம்பியைத் தண்டு முழுக்கச் சுற்றி, அதன்மேல் நூலால் மேடு பள்ளம் இல்லாமல் தடவிக் கட்ட வேண்டும். வால் முனையில் மெல்லிய கம்பியையும் முதுகுப் பட்டையையும் சேர்த்துக் கட்டி, பச்சை முடியால் உடம்பும், தலைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கரும்பழுப்பு முடியும் சுற்ற வேண்டும். அந்தக் கரும்பழுப்புதான் கல்லைப் புரட்டியபோது பார்த்த மூன்று தகடுகள். பட்டையை முதுகின்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டே கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினால் கணுக்கள் வரும். தவறு நடப்பது இங்கேதான். பட்டை ஒரு பக்கம் நழுவும். பிடியைத் தளர்த்தினால் கம்பி அவிழும். எல்லாம் சரியாக வந்து முள்ளின் காதுக்குப் போகும்போது முடிச்சுப் போட இடமே இருக்காது. பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒரு கை பிடி விடாமல் மற்றக் கை சுற்றும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கனவே உண்டு.

பழகிய கைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். தொடக்கத்தில் இருபது, இருபத்தைந்து. வளைந்த முள், முதுகுப் பட்டை, இரண்டு நிற முடி, மெல்லிய கம்பி என்று வாங்க வேண்டியதும் நீளும். பட்டை நெகிழி என்பது எனக்குச் சின்ன உறுத்தல்.

ஆனால் இது வெல்லும் இடத்தில் மற்றவை நிற்காது. தொடை அளவுத் தண்ணீர், வெண்ணுரை தெறிக்கும் வேகம், அடியில் தலையணை அளவுக் கற்கள், அவற்றில் பச்சைக் கேடிஸ். அங்கே கனமும் ஒல்லி உடம்பும் சேர்ந்த செக் நிம்ஃப் ஒரு நொடியில் அடியைத் தொடும். அந்தி சாயும் நேரத்திலும் விடிகாலையிலும் புழுக்கள் தாமாகவே கல்லை விட்டு நீரோட்டத்தில் மிதந்து இடம் மாறும். அந்த அரை மணி நேரம் பெட்டியில் இரண்டு செக் நிம்ஃப் இருந்தால் நல்லது.

## ஸீப்ரா மிட்ஜ்

பார்த்தால் இதுதான் ஆக எளிது. தலையில் மணி, கருப்போ சிவப்போ நூல் உடம்பு, அதன்மேல் வரிக்குதிரை மாதிரி வெள்ளிக் கம்பி. மூன்று நிமிட வேலை. முடி உருட்ட வேண்டியதில்லை, பொருளும் சில காசுதான்.

சிக்கல் அளவில் இருக்கிறது. உண்மையான மிட்ஜ் அளவுக்கு 20, 22 எண் முள் வேண்டும். அரிசிமணியில் பாதி. ஒரு நூல் சுற்று கூடினாலும் உடம்பு பருத்துவிடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒரு செலவு. இவ்வளவு சிறிய காதில் நுழைய மெல்லிய டிப்பெட் (முள்ளோடு கட்டும் நுனி நரம்பு) வேண்டும், மெல்லிய டிப்பெட் பெரிய மீனில் அறுந்துபோகும். தானாக அடிக்கு இறங்க இதற்குக் கனம் போதாது. மேலே வேறொரு கனமான புழுவைக் கட்டி, அதிலிருந்து இதைத் தொங்கவிட வேண்டும். அதாவது ஸீப்ரா மிட்ஜைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொரு புழுவையும் கட்டித்தான் ஆக வேண்டும்.

எப்போது இதுவே சரி? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. வேறு பூச்சிகள் அடங்கிக் கிடக்கும்போது மிட்ஜ் மட்டும் பூச்சியாக வெளிவந்துகொண்டே இருக்கும். அணைக்குக் கீழே ஓடும் ஆறு, தெளிந்த மெதுவான குட்டை, பாசி மண்டிய அடி என்றாலும் இதுதான். கைபழக 18 எண்ணில் தொடங்குங்கள். அந்த அளவிலும் மீன் எடுக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வால்ட்ஸ் வார்ம் | செக் நிம்ஃப் | ஸீப்ரா மிட்ஜ் |
|---|---|---|---|
| எதைப் போல | கிரேன் ஃப்ளை, பொதுவாகப் பல புழுக்கள் | கூடில்லாத கேடிஸ் | மிட்ஜ் |
| முள் எண் | 12–16 | 10–14, வளைந்தது | 18–22 |
| தொடக்கத்தில் நேரம் | 10–12 நிமிடம் | 20–25 நிமிடம் | 5–8 நிமிடம் |
| தவறும் இடம் | முடி அதிகமாவது | பட்டை நழுவுவது, காதில் நெரிசல் | உடம்பு பருப்பது |
| அடிக்கு இறங்குவது | நடுத்தரம் | வேகம் | துணை வேண்டும் |
| தொலைந்தால் | மனம் தாங்கும் | வலிக்கும் | தாங்கும், ஆனால் பல நேரம் மேல் புழுவும் சேர்ந்து போகும் |
| ஏற்ற இடம், காலம் | எல்லா இடமும், வருடம் முழுக்க | வேகமான ஆழம், வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை | மெதுவான நீர், குளிர்காலம் |

மாப் ஃப்ளை பற்றியும் கேட்பீர்கள். தரை துடைக்கும் மாப்பின் ஒரு விரலை வெட்டி முள்ளில் கட்டுவது. இரண்டு நிமிடம் போதும், மீனும் எடுக்கும், கலங்கிய தண்ணீரில் நன்றாகவே எடுக்கும். ஆனால் அதைக் கட்டினால் கை எதையும் கற்றுக்கொள்வதில்லை. செக் நிம்ஃபின் பட்டையிலாவது மெல்லிய கீற்றுதான் நெகிழி, இதில் உடம்பு முழுக்க நெகிழி இழை. அதை ஓடையில் அறுத்துவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீலகிரிப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரித்து மலை ஓடைகளில் விட்ட கதை உங்களுக்குத் தெரியும். வலை கட்டும் கேடிஸ் நம் மலை ஓடைகளின் கல்லுக்கடியிலும் இருக்கிறது. தூண்டில் போட மீன்வளத்துறை, வனத்துறை அனுமதி பற்றி முதலில் விசாரியுங்கள். அனுமதியுள்ள இடமென்றால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும், கல்லைப் புரட்டுவது உட்பட.

## தம்பிக்கு என்ன சொன்னேன்

அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணியில் செக் நிம்ஃப் ஒன்றுதான் வரும், வால்ட்ஸ் வார்ம் இரண்டு மூன்று வரும். அவர் போகும் இடம் முழங்கால் ஆழம், நடுத்தர வேகம். ஆகவே யோசிக்க ஒன்றுமில்லை: 14 எண்ணில் பன்னிரண்டு வால்ட்ஸ் வார்ம். முதல் நாலில் முடி அதிகமாகும், அதையும் தூக்கிப் போடாமல் ஓடைக்குக் கொண்டு போகச் சொன்னேன். அவைதான் பயமில்லாமல் அடியில் விடக் கூடியவை.

வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் வேறு பதில். பொறுமையும் முழு ஞாயிறும் இருந்து, வீட்டுக்குப் பக்கத்தில் பாறை ஓடை இருப்பவருக்குச் செக் நிம்ஃபையே சொல்லியிருப்பேன், ஒரே இருக்கையில் எட்டாவது கட்டி முடித்த பிறகுதான் ஓடைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. குளிர்காலத்தில் மட்டும் விடுமுறை கிடைப்பவருக்கு ஸீப்ரா மிட்ஜ், கூடவே அதை இழுத்து இறக்க இரண்டு வால்ட்ஸ் வார்ம்.

போன சனிக்கிழமை தம்பி கூப்பிட்டார். ஏழு கட்டியிருக்கிறார், நாலு தொலைத்திருக்கிறார், இரண்டு மீன். குரலில் தொலைத்ததைப் பற்றி வருத்தமே இல்லை. பன்னிரண்டு முடிந்ததும் கடைக்குப் போய் வளைந்த முள் ஒரு பொட்டலமும் பச்சை முடியும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். பட்டை இப்போதைக்கு வேண்டாம். அதே விரல் உருட்டலை வளைந்த தண்டில், பச்சையில், தலைக்கு மட்டும் கரும்பழுப்பில் செய்தால் முக்கால் செக் நிம்ஃப் வந்துவிடும்.